ஆலோசகருக்குப் போட்ட மாலை

அரசாங்கத்துக்கும் இந்த மலையில் தோட்டம் போடும் தமிழர்களான எங்களுக்கும் நடுவில் பேச ஓர் ஆலோசகரை நியமித்திருக்கிறார்கள் என்ற செய்தி ரிங்லெட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில்தான் எனக்குக் கிடைத்தது. தமிழ் பேசுகிறவராம். "இனிமே நமக்கும் ஒரு வாய் வந்தாச்சு" என்றார் தேநீர் ஆற்றுகிறவர். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போய், வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வாய் அவசரமாகத்தான் தேவைப்பட்டது. மழையில் மேடு சரிந்து, பூந்தோட்டங்களுக்குப் போகும் பாதையை மூடியிருந்தது. அரசாங்க நிலம், உத்தரவு இல்லாமல் மண்வாரி இயந்திரத்தை இறக்கக்கூடாது. அந்தப் பக்கம் செவ்வந்தி பயிர் போட்டிருந்த என் அக்காவுக்குப் பூ விரிந்துகொண்டிருந்தது. லோரி உள்ளே போகாவிட்டால் அத்தனையும் குப்பைதான்.

ஆலோசகர் வந்தார். கோயில் மண்டபம் நிறைந்தது. எங்கள் ஆட்களைத்தான் தெரியுமே, முதலில் மரியாதை, அப்புறம்தான் மற்றதெல்லாம். எங்கள் தோட்டக்காரர் சங்கத் தலைவர் சால்வை போர்த்தினார். முன்னாள் தலைவர் கோபித்துக்கொள்வாரே என்று அவர் கையாலும் ஒன்று. பிறகு செயலாளர், பூசாரி, கையோடு சால்வை கொண்டுவந்துவிட்ட இன்னொருவர். சால்வைக்குச் சால்வை ஒரு பேச்சு. வெள்ளைக்காரத் துரை காலத்திலும் குறை கேட்க வந்த அதிகாரியை இப்படித்தான் வரவேற்றே அனுப்பிவைத்தார்களாம். அதையும் தலைவர் பெருமையாகவே சொன்னார்.

"தலைவரே, ரோட்டப் பத்தி சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"இரு லா. வந்ததும் வராததுமா குறையா சொல்வாங்க?"

அதற்குள் ஆலோசகர் எழுந்துவிட்டார். கம்போங் ராஜாவில் அடுத்த கூட்டமாம். கழுத்தில் கிடந்த மாலை, அக்கா அந்தச் சேற்றைத் தாண்டிக் கூடையில் சுமந்துவந்த பூ. "ரொம்ப அழகான பூ" என்று தடவிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மண் இன்னும் அப்படியே கிடக்கிறது. முற்றிப்போன பூவை அக்கா வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தபோது நானும் கூட நின்றேன். தலைவர் போனில் கூப்பிட்டார். கை அழுக்கு என்பதால் அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஆலோசகர் மறுபடி வர்றாரும்மா. மாலைக்குப் பூ வேணுமே."

"தாராளமா தர்றேன், தலைவரே. தோட்டத்துக்கு வந்து கழுத்த நீட்டச் சொல்லுங்க. நடந்தே வரட்டும்."

தலைவர் பதறிவிட்டார். "அந்த மண்ணுலயா? அவரு கால்ல போட்டிருக்கிற சப்பாத்து என்னாவுறது லா!"