சும்மாடும் தலைக்கட்டும்

தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து வக்கீலான முதல் பெண் நான். கோர்ட்டில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. வீட்டில், மீன் கழுவத் தெரியாதவள் என்றுதான் பெயர்.

சட்டசபைக்கு ஓட்டுப் போடும் எங்கள் பெண்களுக்கு, மீனவர்களே நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்தில் ஓட்டுக் கிடையாது. அங்கே கணக்கு தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு. அப்பா இறந்ததும் நோட்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அத்தோடு எங்கள் வீட்டுக்குத் தலை இல்லை.

மீன் விற்கும் என் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, போன வருடம் வரை. பெண்கள் உட்கார்ந்து விற்கும் கொட்டகையை வலை போட்டுவைக்க எடுத்துக்கொள்வோம் என்றார் தலைவர். அடுத்த மாதமே தலைவர் தேர்வு.

"ஊருக்கெல்லாம் வாதாடுறியே, எனக்கு ஒரு ஓட்டு வாங்கிக் குடு" என்றாள் அம்மா.

தேர்வு நாளன்று கோயில் வாசலில் கூட்டம். நான் அரசியல் சாசனத்திலிருந்து ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா தலைக்கட்டுன்னா ஆம்பளதானே?"

கோபத்தில் நான் சாசனத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கோர்ட்டில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அம்மா எழுந்தாள். கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உதறி, சுருட்டித் தலையில் வைத்தாள்.

"நாப்பது வருசமா நான் தலையில கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க தலையில என்ன இருக்கு?"

தலைவருக்கு வழுக்கை. ஓரமாக நின்ற பெண்களில் முதலில் சிரித்தது அவர் மனைவி. அவரும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். "சரி, எழுதிக்குங்க" என்றார் கணக்குப்பிள்ளையிடம்.

நோட்டில் அம்மா பெயர் ஏறியது. அடுத்து, கை தூக்கி ஓட்டு. அம்மா கை தூக்கியதோ, எழுதச் சொன்ன அந்த மனிதரை எதிர்த்து நின்றவருக்கு. அந்த வேகத்தில் நானும் தூக்கினேன்.

கணக்குப்பிள்ளை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கைய எறக்கும்மா. உனக்குக் கல்யாணம் ஆகல. நீ உங்கம்மா தலைக்கட்டுல வர்ற."

அம்மா ஏதாவது சொல்வாள் என்று திரும்பினேன்.

"கணக்குன்னா கணக்குதான். எறக்கு" என்றாள்.

புதியவர் ஜெயித்தார், கொட்டகை தப்பியது. நான் கையை இறக்கியபோது சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. அதுவரை, வாதாடுவது அம்மாவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.