முட்டைக்குள் இருந்த வால்

பேத்தி தன் ஸ்கேன் படத்தைச் செல்போனில் காட்டினாள். ரெண்டு மாசக் கரு. "என்ன தாத்தா, தலைப்பிரட்டை மாதிரி வளைஞ்சு கெடக்கு?" என்று சிரித்தாள். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வெரசாக வருவதில்லை. சூடான முட்டை ஓட்டின் வாசம்தான் மூக்கில் ஏறியது.

நான் அஞ்சாவதோடு நின்றவன். இருந்தாலும் பெருமாள்மலையில் முதன்முதலாகப் பல்பு வெப்பத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்தவன் நான்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள். கொடைக்கானல் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பாடத்துக்கு அடைமுட்டை வாங்க வருவார். ஒருநாள் என் முன்னாலேயே ஒன்றைத் தட்டில் உடைத்தார். குஞ்சுபோலவே இல்லை. வால் இருந்தது, கழுத்தில் மீனின் செவுள்போல மடிப்பு. "மீனு, கோழி, மனுசன், எல்லாக் கருவும் ஆரம்பத்துல ஒரே ஜாடைதாங்க. ஆதியில ஒரே வம்சம்ல. நமக்கு வாலு அப்புறம் கரைஞ்சிரும்" என்றார். கேட்டு வைத்துக்கொண்டேன். வியாபாரிக்கு எதுவும் வீணில்லை.

கொஞ்ச நாளில், மேலே கூக்கால் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் என் மனைவிக்குக் கரு கலைந்தது. ரெண்டு மாசம். துணியைப் பார்த்த அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்: "வாலு இருக்குடா. பூண்டுக் காட்டுல களைக்கொத்தால பாம்ப அறுத்தாள்ல, அதான் வயித்துல வந்துருச்சு. அவளக் கிளாவரைக்கே கொண்டுபோயி விட்டுரு." கிளாவரை என் மனைவி பிறந்த ஊர். விட்டால் விட்டதுதான். அவள் சேலைகளை மூட்டை கட்டினாள்.

மறுநாள் வெள்ளனே பெருமாள்மலைக்கு இறங்கி, அடைமுட்டையைப் பஞ்சில் பொதிந்து மடியில் வைத்துப் பஸ் ஏறி வந்தேன்.

"ஏலே, இந்த நேரத்துல கொழம்புக்கா முட்ட?" என்றாள் அம்மா.

தட்டில் உடைத்தேன். "வாலப் பாரு. இந்தக் கோழி எந்தப் பாம்ப அறுத்துச்சும்மா?"

அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூட்டையை அவளே அவிழ்த்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். அவள் வாயை அடைத்தவன் ஊரில் நான் ஒருத்தன்தான்.

மனைவி தட்டைவிட்டு நகரவில்லை. சிவப்பாய் ஒரு புள்ளி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. "நம்மளதும் இப்படித்தான் துடிச்சிருக்குமாங்க?" என்றாள். டீச்சர் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

பிறகு மூன்று பிள்ளைகள் பெற்றோம். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் அவள் நாலு என்பாள். பெட்டி போயிற்று, பூண்டுக் காடும் கைமாறிற்று, அம்மா போனாள், அவளும் போய்விட்டாள். இப்போது என்னிடம் கேட்கிறார்கள். மூன்று என்கிறேன். திருத்த ஆளில்லை.