போணிக்கு வந்த ராணுவக்காரர்

அன்றைக்கு ஓடைப்பட்டி ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தது நான், மதினி பேச்சியம்மா, டீக்கடை காதர் பாய், மூன்றே பேர். மற்றவர்கள் மனு கொடுக்கத் தேனிக்குப் போயிருந்தார்கள்.

துப்பாக்கிப் பயிற்சித் தளத்துக்காக எங்கள் திராட்சைத் தோட்டங்களை அளக்க ராணுவ ஜீப் வந்துவிட்டது. ஜெயிலில் போட்டால் கொடிக்கு யார் மருந்தடிப்பது என்று பயந்தேன்.

இறங்கிய அதிகாரி தமிழ்க்காரர். விற்கக் கொண்டுவந்திருந்த என் திராட்சைக் கூடையைப் பார்த்து, "ஒரு கிலோ குடுங்கம்மா" என்றார்.

"நம்ம நெலத்த அளக்க வந்தாக, அவுகளுக்கா விக்கப்போற?" என்றாள் மதினி.

"போணிய எப்படித் திருப்ப மதினி?" என்று உட்கார்ந்தபடியே நிறுத்துக் கொடுத்தேன்.

இருநூறு ரூபாய் நீட்டினார். என்னிடம் சில்லறை இல்லை.

"வழி விட மாட்டீங்களா?" என்றார்.

"மாட்டோம் சார்." அதைச் சொன்னது நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

பழத்தை மென்றபடி ஜீப்பைத் திருப்பச் சொன்னார். அதன்பின் அளக்க யாரும் வரவில்லை. இப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறேன். அவருக்குத் தரவேண்டிய மீதிதான் உறுத்துகிறது, நூற்றிருபது ரூபாய்.