வாசனை ஒட்டாத உடம்பு

ஒரு தேனீயை என் மூக்கருகே கொண்டு வாருங்கள். யார் வீட்டுத் தேனீ என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு முறை சரியாகச் சொன்னேன்; இரண்டு முறையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் தேனீக்கள் ஒன்றையொன்று அப்படித்தான் அடையாளம் காண்கின்றன என்பதில் புளுகு இல்லை. தேனீயின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. ஒரே கூட்டில் உரசி உரசி வாழ்வதால் அதில் அந்த வீட்டு வாசனை ஏறிவிடும். வேறு வாசனையோடு வாசலுக்கு வந்தால் காவல் தேனீ கடித்தே கொன்றுவிடும்.

எர்மிலோ கவுயிச்சுக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமை ஏது? எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். மெரிதா நகரத்தில் கொத்து வேலை, கன்கூன் கடற்கரையில் ஓட்டல் சமையலறை, இங்கே மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். அவன் வலைத்தூளியில் படுத்தால் பக்கத்து வீட்டுக் கோழிகள் பயந்து மரமேறும். பாதியாவது நம்புங்கள்.

அவன் மனைவி சொக்கோரோவுக்குத் தாய்வீட்டுச் சீதனம், குடைந்த மரக்கட்டை ஒன்றில் வாழும் கொடுக்கில்லாத் தேனீக்கள். அந்த வீட்டுப் பெண் பிள்ளை பெற்றால் அந்தக் கட்டைத் தேனைத்தான் முதலில் நாக்கில் வைப்பார்கள். சொக்கோரோவுக்கு அப்போது எட்டாம் மாதம். மகனைப் பார்க்கக் கடற்கரைப் பக்கம் கிளம்பிய எர்மிலோவின் மாமியார் நிக்கோலாசா, பஸ் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்:

"மருமகனே, நான் வர்றதுக்குள்ள கட்டை சத்தமில்லாம போச்சுன்னா, நீயும் சத்தமில்லாம கெளம்பிடு."

அந்த வாரமே புயல் வந்தது. கொட்டகை சரிந்து கட்டை பிளந்தது. எர்மிலோ கயிற்றால் இறுக்கிக் கட்டி, களிமண் அப்பி, காதை வைத்துக் கேட்டான். பிளவு வழியே பார்த்தபோதே தெரிந்தது: ராணி உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் ஒரு கைப்பிடி.

"இத்தனை பேரால வீட்டைக் காப்பாத்த முடியாதே!" என்று ஓடினான். பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் லியாந்த்ரோ தன் கட்டையிலிருந்து ஒரு சாடி தேனீ கொடுத்தார். வாசலில் கொட்டினான். அடுத்த நொடி காவல் தேனீக்கள் பாய்ந்து, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, உருண்டை உருண்டையாக மண்ணில் விழுந்தன.

என்னிடம் ஓடி வந்தான். "டீச்சர், எல்லாம் ஒரே இனம்தானே? ஏன் இப்படி அடிச்சுக்குது?"

"வாசனை வேறப்பா. தோல்மேல இருக்கிற மெழுகு—"

"வாசனைதானா! கழுவிட்டா போச்சு!"

மெழுகு என்ற சொல் என் வாசலைத் தாண்டுமுன் அவன் தெருவையே தாண்டியிருந்தான். லியாந்த்ரோவிடம் கெஞ்சி வாங்கிய இரண்டாவது சாடியைத் துணி சோப்புத் தண்ணீரில் அலசினான்.

லியாந்த்ரோ வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, ஞானஸ்நானமா? பேரு வைக்கலையா?"

காவல் தேனீக்கள் குழம்பித்தான் போயின. ஆனால் உச்சி வெயிலுக்குள் அலசிய தேனீக்கள் எல்லாம் வதங்கிய மிளகாய் போலச் சுருங்கிக் கிடந்தன. அந்த மெழுகு வெறும் வாசனை அல்ல. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் காக்கும் மூடியும் அதுதான்.

மாமியார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. எர்மிலோ முற்றத்தில் தடம் விழும்வரை நடந்தான். வண்டியை எடுத்தான், திருப்பினான், மறுபடி எடுத்தான். கடைசியில், என் வாழ்நாளில் பார்க்காத காரியமாக, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலைக் காபியிலிருந்து மத்தியான ரொட்டி சுடும்வரை கல்லாக உட்கார்ந்து கட்டையின் வாசலையே பார்த்தான்.

முதல் சாடியோடு தேனீக் குஞ்சுகள் வளரும் ஒரு முட்டையடைத் துண்டும் வந்து வாசலருகே கிடந்தது. அதிலிருந்து அப்போதுதான் பொரிந்த வெளிறிய தேனீ ஒன்று தள்ளாடி ஏறியது. காவல் தேனீ உணர்கொம்பால் தடவியது. மறுபடி தடவியது. ஒதுங்கி வழி விட்டது. பிறந்த உடம்பில் எந்த வீட்டு வாசனையும் இன்னும் ஏறவில்லை. யாரென்று கேட்க அங்கே ஒன்றுமில்லை.

லியாந்த்ரோவிடமிருந்து பொரியும் பருவத்து அடைகளை வாங்கிக் கட்டைக்குள் வைத்தார்கள். ஞாயிறு வந்த நிக்கோலாசா பையைக்கூட இறக்கவில்லை; நேராகக் கட்டையில் காதை வைத்தாள். எர்மிலோவின் முழங்கால் ஆடிய வேகத்தில் வேலியே நடுங்கியது.

"ம். சத்தம் இருக்கு," என்றாள். "ரொட்டி இருக்கா? மருமகனுக்கும் போடு."

சில வருடம் கழித்து இதை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது சொக்கோரோ மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தாமலே சொன்னாள்:

"டீச்சர், வாளி மேல உக்காந்து பாத்தது நான். எட்டு மாச வயித்த வச்சுக்கிட்டு வேற எங்க போவேன்? அவன் அப்ப வேற சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தான்."