அந்தக் காலையும் குடுங்க

அருள்குமாரைப் பெற்றவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. வெள்ளகோவில் பக்கம் ஒரு கன்னியர் மடத்து வாசலில் துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளை அவர். வேண்டாமென்று விட்டுப்போன பிள்ளை என்று சின்ன வயதில் யாரோ சொன்னது நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது. இந்த உலகத்தில் இருக்க வேண்டுமானால் அதற்கு உழைத்துத்தான் ஆக வேண்டும் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். துடியலூர்ப் பக்கம் பவுண்டரியில் இரும்பு ஊற்றுகிற வேலை. காய்ச்சிய இரும்பு தெறித்து இடது காலில் இரண்டு விரல் போனது. அப்போதும் வீட்டில் படுத்தாரா என்றால் இல்லை. யார் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தாலும், ஒரு குடம் தண்ணீராவது எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"உங்களுக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் செஞ்சுபோடக் கூடாது. அப்படித்தானுங்க?" என்பாள் மனைவி ஜெயராக்கினி.

போன வருஷம் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் அவர் பெயரும் வந்தது. மாட்டேன் என்றவரை ஜெயராக்கினி விடவில்லை. புறப்படுமுன் சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்தேய் என்று காலைத் தேய்த்தார். எல்லாரும் அப்படிக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் படலாமா?

"ஏனுங்க, நீங்களே கழுவிப்போட்டா அவரு எதைக் கழுவறது?"

கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்தார். "உலகம் உண்டாகறதுக்கு முன்னாலயே பிதா மகனை நேசிச்சாருங்க, மகன் பிதாவை நேசிச்சாரு. அந்த நேசந்தான் பரிசுத்த ஆவி. கடவுளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்கு ஆள் வேணும்னு நம்மளைப் படைக்கலீங்க. அந்த நேசத்துல நமக்கும் இடம் குடுக்கத்தான் படைச்சாரு. வேண்டாத பிறவின்னு ஒண்ணு கிடையாதுங்க."

அருள்குமார் தலை தூக்கவில்லை. முறை வந்ததும் வலது காலை நீட்டினார். இடது காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

வலது காலைத் துடைத்த சாமியார் எழுந்திருக்கவில்லை. "அந்தக் காலையும் குடுங்க."

"வேண்டாமுங்க சாமி. பார்க்க நல்லாருக்காதுங்க."

"நல்லாருக்கறதைக் கழுவவா மண்டி போட்டிருக்கேன்?"

"இதுக்கு நான் என்னங்க சாமி திருப்பிச் செய்யறது?"

"ஒண்ணும் இல்லீங்க."

வயதான சாமியார், முட்டி வலிக்காரர், அப்படியே காத்திருந்தார். கடைசியில் அந்தக் கால் மெல்ல வெளியே வந்தது. விரல் போன இடத்தில் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து அந்தத் தழும்பில் முத்தமிட்டார். ஊரே பார்க்கிற சடங்குதானே என்று யாரும் இதைச் சொல்லிவிட வேண்டாம். பிறந்ததிலிருந்து அந்த மனிதரை ஒருவரும் அப்படித் தொட்டதில்லை.

பூசை முடிந்து கோயில் காலியானது. நாற்காலிகள் அடுக்க ஆள் போதவில்லை. அருள்குமார் எழவே இல்லை.

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" ஜெயராக்கினி பதறி ஓடி வந்தாள்.

"இல்ல அம்மணி," என்றார் அவர், அந்த இடது காலைப் பார்த்தபடி. "சும்மாதான் ஒக்காந்திருக்கேன்."