வாலளந்த ஈர்க்கு

நனைந்த சாக்கின் மணம் எங்கிருந்து வந்தாலும், உரக்கடை வாசலோ சந்தை மூலையோ, அதற்குள்ளிருந்து ஒரு நாயின் தலை எனக்கு எட்டிப்பார்க்கும். நரைத்த மூக்கு, ஒருபக்கம் மடிந்த காது, பூ விழத் தொடங்கிய கண்கள். கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பரிமளம் மாமியின் நாய் அது. பெயர் வீமன்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்த நாளில் மாமியை மூத்த மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். மிளகாய்த்தூளுக்கும் ஒடியல்மாவுக்கும் பெட்டியில் இடம் கிடைத்தது, முற்றம் முழுவதையும் தனதென்று பன்னிரண்டு மாரிக்கு மேல் காவல் காத்த வீமனுக்குத்தான் எங்கும் இடமில்லை. மாமி ஒழுங்கை முழுக்கக் கேட்டுப்பார்த்தார். எல்லா வீட்டுப் படலையிலும் ஒரே மறுமொழி: "குட்டியெண்டால் எடுக்கலாம் மாமி. உது கிழடெல்லோ."

நாங்கள் எடுப்போம் என்று நான் அழுதேன். அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

"போனமுறை சண்டைக்குப் பயந்து ஊரோடை எழும்பி ஓடேக்கை எங்கடை கறுப்பி நாவற்குழிப் பாலம் மட்டும் பின்னாலை ஓடி வந்தது, பிள்ளை. பிறகு சனத்துக்குள்ளை காணேல்லை. ஒண்டை எடுத்தால் அது சாகுமட்டும் பக்கத்திலை நிக்கவேணும். நாளைக்கு நாங்கள் எங்கை நிப்பம் எண்டு எனக்கே தெரியாது."

இரக்கமில்லாத பேச்சு என்று அன்று நினைத்தேன். இரக்கம் மிஞ்சிய ஒருவரால்தான் அப்படி மறுக்க முடியும் என்பது பிடிபட எனக்கு அரை வாழ்க்கை எடுத்தது.

கடைசியில் சண்டிலிப்பாயில் புகையிலை செய்கிற கந்தையாண்ணை, மாமிக்குத் தூரத்துச் சொந்தம், தோட்டக் காவலுக்கு நிற்கட்டும் என்று ஒப்புக்கொண்டு சைக்கிளோடும் சாக்கோடும் வந்தார். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டி கைமாறும்போது செய்கிற ஒரு காரியம் உண்டு: ஈர்க்கை வாலின் நீளத்துக்கு முறித்து, போகிற வீட்டின் அடுப்படி வாசலில் மண்ணுக்குள் தாட்டுவிடுவார்கள், அதன்பின் அது பழைய வீட்டைத் தேடாது என்று. மாமி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, வீமனின் வாலை அடியிலிருந்து நுனிவரை நீவி நீவி அளந்தார். அவனோ தன்னைத் தடவுவதாக நினைத்து வாலை ஆட்ட, அளவு பிழைக்க, மீண்டும் அளந்தார்.

"அக்கா, உங்களையும் ஒருக்கா அளந்து மகனுக்கு ஈர்க்கு அனுப்பவேணும். கனடாவிலை நிப்பியளோ தெரியாது," என்றார் கந்தையாண்ணை.

"போடா விசரா," என்று மாமி சிரித்தார். சிரித்தபடியே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மழை தூறியது. கரியரில் கட்டிய சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை வீமன் எங்களையே பார்த்துக்கொண்டு போனான்.

மாமி கனடாவுக்குப் புறப்பட்ட அந்தக் கிழமை முடியுமுன் அவன் திரும்பி வந்தான். பூட்டிக்கிடந்த படலையை மூக்கால் தள்ளிப்பார்த்துவிட்டு, ஆமைப்பூட்டுக்கு நேர் கீழே சுருண்டு படுத்தான். "விசா இல்லாமலே திரும்பி வந்திட்டான்," என்று ஒழுங்கை சிரித்தது. கந்தையாண்ணை வந்து ஏற்றிப்போனார், மறுபடி வந்தான். பிறகும் ஏற்றிப்போனார், விலா எலும்பு தெரிய வந்தான்.

"கட்டி வைச்சால் சோறு தண்ணி தொடுறானில்லை, அவிட்டால் இஞ்சைதான் நிக்கிறான். நான் என்ன செய்ய, அண்ணை?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, வெறும் சாக்கை மடித்துக் கரியரில் வைத்துக்கொண்டு போனவர்தான். பிறகு வரவேயில்லை.

குட்டிக்கு வால் வளரும். தாட்ட ஈர்க்கு மண்ணுக்குள் உக்க உக்க, புது வீடும் அதற்குள் வளர்ந்துவிடும். வளர்ந்து முடிந்த வாலுக்கு என்ன அளவு? வீமனுக்கு உள்ளே இன்னொரு வீட்டுக்கு இடமிருக்கவில்லை.

நான் சோறு வைத்தேன். மரியாதைக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு மீண்டும் பூட்டின் கீழே போய்ப் படுப்பான். மாமி கனடாவிலிருந்து பேசுகிறார் என்று சந்திக் "கொமினிக்கேசன்" கடைக்கு ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். கூடப் போன எனக்கும் ரிசீவரைத் தாண்டிக் குரல் கேட்டது.

"வீமன் என்ன செய்யிறான்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நல்லாய் இருக்கிறான் அக்கா. சண்டிலிப்பாயிலை திண்டு கொழுத்துப் போனானாம்."

மாமி, "ஈர்க்கு வேலை செய்யும் எண்டு எனக்குத் தெரியும். எனக்குத்தான் இஞ்சை ஒண்டும் பிடிக்கேல்லையடி," என்றார்.

மாரி முற்றிய ஒரு விடியலில் வீமன் எழும்பவில்லை. அப்பா பூவரசடியில் கிடங்கு வெட்டினார்.

இன்று அந்தப் படலையும் இல்லை, பூவரசும் இல்லை. மதிலெழுப்பி மாடி கட்டிவிட்டார்கள். ஆட்கள் வெளிநாடு போவது மட்டும் நிற்கவில்லை. நான் யாழ்ப்பாண நகரில் இருப்பது வாடகை மாடி. நாய் கூடாது என்பதுதான் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும் அவுஸ்திரேலியாவில் மகளிடம் போகிறார்கள். அவர்களின் கிழட்டு நாய் ரோசிக்காக மாதக்கணக்கில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்டது, "குட்டி இல்லையோ?"

கடைசியில் சாவகச்சேரியில் ஒரு நல்ல குடும்பம் ஓமென்றது. நாளை வாகனம் வரும்.

இன்று காலை ரோசியின் பக்கத்தில் குந்தியிருந்தேன். வாலை அளந்து ஒன்றும் ஆகாதென்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் என் கையில் ஒரு ஈர்க்கு இருந்தது. அவள் வாலை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். அளவு பிழைத்துக்கொண்டேயிருந்தது.