வழுக்குப் பாறையில் ஒரு மகசூல்

சென்ற செவ்வாய்க்கிழமை குற்றாலத்தில் ஒரு பாறையைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு, அதில் இல்லாத ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூவரில் ஒருவன் நான். இன்னொருவர் ரகுநாதன், ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த சென்னை உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தின் இளம் ஆராய்ச்சியாளர். மூன்றாமவர் தென்காசியில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர், சங்கரலிங்கம் அண்ணாச்சி. குத்துக்கல்வலசையில் வயல், ஊரில் எந்தப் பொதுக் காரியமானாலும் முதல் ஆள்.

அந்த நிலையத்தின் பெருமையை நானே சொல்வது அழகல்ல. ஆண்டுக்கு ஒரு தடித்த தொகுதி வெளியிடுவார்கள். அது லண்டனுக்கும் பெர்லினுக்கும் கப்பலேறும். அங்குள்ள அறிஞர்கள் அதைப் படித்து மறுப்பார்கள் - அறிஞர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. அண்ணாச்சி ஒருமுறை என் அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து, தேங்காயை எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார்.

“ஏன் சார்வாள், அம்புட்டுப் பேரும் வருசம் பூரா உக்காந்து இதத்தான் வெளைய வைக்காவளா?”

“ஆமாம் அண்ணாச்சி.”

“ஒரு போகந்தானா?”

ஒரு போகம்தான். ஆனால் அந்த ஒரு போகத்தில் கட்டுரை இல்லாதவருக்கு மறு ஆண்டு உபகாரச் சம்பளம் கிடையாது. ரகுநாதனுக்கு இந்த ஆண்டு இன்னும் ஒரு கட்டுரையும் இல்லை.

அவர் நம்பியிருந்தது ஒரே ஒரு செடியை. அருவி விழும் பாறையில் பசைபோட்டாற்போல் ஒட்டி வளரும், பார்த்தால் பாசி. ஆனால் பாசியல்ல. தண்ணீர் வற்றியதும் பூத்து, விதைவிட்டு, காய்ந்துபோகும். வெள்ளத்தில் அளந்த அதே செடிகளை, பூக்கும்போதும் அளக்க வேண்டும். நம் பக்கத்து அருவிகளில் யாரும் இதைச் செய்ததில்லை. ஆடி மாதம் வந்து ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தார், அளந்தார், அடையாளத்துக்காகச் சுற்றிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டார். போட்டு முடித்து நிமிர்ந்தவர், சீசன் கூட்டம் முழுவதும் பார்க்க, மல்லாந்து விழுந்தார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு முந்தைய ஐப்பசியில் என் மனைவி காலமானாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அனைவரும் எனக்கு அருவியைச் சிபாரிசு செய்தார்கள். “தலை நிறைய எண்ணெய் வச்சு அருவியில நில்லுங்க சார்வாள், எல்லாம் கரைஞ்சிரும்.” நான் அருவியில் நின்றதில்லை. ஆனால் விசாரிக்க வருபவர்கள் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமலிருக்க, குற்றாலம் மிக வசதியான இடம்.

இப்போது மாசி. அருவி நூலாகிவிட்டது. ரகுநாதன் மைக்ராஸ்கோப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். பாறைக்குப் போனோம். சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. வட்டத்துக்கு வெளியே செடி வழக்கம்போல் பூத்திருந்தது. வட்டத்துக்கு உள்ளே... பாறை, விளக்கிய வெண்கலத் தாம்பாளம்போல் பளபளத்தது.

அண்ணாச்சி எங்களுக்கு முன்பே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

“பாத்தியளா தம்பி? அன்னைக்கு நீங்க விழுந்ததப் பாத்து எனக்கு மனசே கேக்கல. நீங்களே செவப்புக் கோடு போட்டு எடத்தக் காட்டிட்டும் போயிருக்கிய. தண்ணி வத்துனதும் நம்ம ஆளுவள விட்டு மணலும் தேங்கா நாரும் வச்சுத் தேச்சாச்சு. கோட்டுக்கு வெளிய ஒரு தேய்ப்புக் கெடையாது. சொன்ன எடம் மட்டுந்தான்.”

ரகுநாதன் பாறையில் மெல்ல உட்கார்ந்தார்.

“அதுதான் அண்ணாச்சி செடி.”

“எது?”

“நீங்க தேய்ச்சது.”

அண்ணாச்சி குனிந்து, தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “அது வழுக்குச்சே,” என்றார், மிகவும் தணிந்த குரலில்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒருவர் விழுகிறார், விழுந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார். வயல்காரர் வேறென்ன நினைப்பார்? களையெடுக்கத்தான் சொல்கிறார் என்று நினைப்பார். எடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஆளனுப்பி எங்களை மறுபடி வரவழைத்தார். வயலை அடுத்த குளத்துப் படியிலிருந்து பச்சைப் பாசியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, வட்டத்துக்குள் வரிசை பிடித்து வைத்திருந்தார்.

“நாத்து நட்ட மாதிரி நட்டிருக்கு. தண்ணியும் தெளிச்சாச்சு. ஒரு வாரத்துல பிடிச்சிரும். உங்க டைரக்டரே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு.”

“கண்டுபிடிப்பார் அண்ணாச்சி,” என்றேன். “அவருக்குச் சம்பளமே அதுக்குத்தான்.”

ரகுநாதன் என் பக்கம் திரும்பினார். “சார், வெளியில பூத்திருக்கிறதை அளந்து, இதுதான் அந்தச் செடின்னு எழுதிட்டா...” என்று ஆரம்பித்தவர், நான் பதில் சொல்வதற்குள், “இல்லை, வேண்டாம்,” என்று அவரே முடித்துக்கொண்டார்.

ஒன்று போய்விட்டால், அந்த இடத்தை உடனே எதையாவது கொண்டுவந்து மூடிவிட வேண்டும் என்று நல்லவர்களுக்கு ஏன் இத்தனை அவசரம்? கெட்டவர்கள் இப்படித் தொந்தரவு செய்வதில்லை. அவர்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். நல்லவர்கள்தான் கூடையோடு வருகிறார்கள். ஓராண்டுக்கு மேலாக எனக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு.

“அந்தப் பாசியை எடுத்துவிடலாம்,” என்றேன். “வெறும் இடம் வெறும் இடமாகவே இருக்கட்டும். சுற்றிலும் பூத்து விதை விழப்போகிறது. அடுத்த வெள்ளத்தில் உள்ளே ஏதாவது பிடிக்குமா, எந்த ஓரத்திலிருந்து பிடிக்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காதா... இதையும் யாரும் பார்த்ததில்லை. பாறையை இவ்வளவு கச்சிதமாகத் தேய்த்துக் கொடுக்க நிலையத்தாருக்கு ஆள் கிடைத்திருக்காது.”

கடைசி வாக்கியத்தை அண்ணாச்சி பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“நட்ட நாத்த அன்னைக்கே புடுங்குதேன். என் வயசுக்கு இது புதுசு சார்வாள்.”

நிலையத்துக்குத் தந்தி கொடுத்தோம். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. உபகாரச் சம்பளம் இன்னும் ஓராண்டு உண்டு. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் அந்த வட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். அண்ணாச்சி தாமே அந்தப் பொறுப்பை ஏற்பதாக வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

ரகுநாதன் ரயிலேறும்போது கேட்டேன்: “பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால்?”

“ஒண்ணும் இல்லைன்னு எழுதணும் சார். பார்த்தோம்னு தெரியணுமே.”

இன்று முதல் கார்டைத் தபாலில் சேர்த்தேன். “வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. வெகுநேரம் பார்த்தேன்.”